பதினாலு நாள் குறிப்பேடு

மாஸ்டர் கையில் டேப் இருக்கும்வரை எங்கள் தெருவில் யாருக்கும் தொப்பை கிடையாது.

அளவு கொடுக்க வந்தவர் மூச்சை உள்ளே இழுத்துப் பிடித்துக்கொண்டு நிற்பார். மாஸ்டர் டேப்பை இடுப்பைச் சுற்றிக் கொண்டுவந்து, எண்ணைப் பார்த்து, முகத்தில் ஒன்றும் காட்டிக்கொள்ளாமல் "முப்பத்தாறு" என்பார். வந்தவர் நிம்மதியாக மூச்சை விடுவார். மூலையில் அளவு நோட்டோடு உட்கார்ந்திருக்கும் மகள் முப்பத்தெட்டு என்று எழுதிக்கொள்வாள். தொப்பையோ தொடையோ, வாயால் சொல்வதில் இரண்டு இறங்கும், நோட்டில் இரண்டு ஏறும். துணியும் பாழாகாது, வந்தவர் மனசும் நோகாது. அப்பாவும் மகளும் இதை உட்கார்ந்து பேசி முடிவு செய்ததாகத் தெரியவில்லை. எப்படியோ படிந்துபோன வழக்கம்.

பக்கத்துக் கடை என்னுடையது. ஜெராக்ஸ், லேமினேஷன், விண்ணப்பம் நிரப்பிக் கொடுப்பது. இரண்டு கடைக்கும் நடுவில் உள்ள சுவர் இடுப்புக்கு மேல் வெறும் பலகை. அவர் தும்மினால் நான் மூக்கைத் துடைத்துக்கொள்ள வேண்டும். அப்படி இருந்தும் மூன்று வருஷம் என் இடுப்பு முப்பத்து நாலுதான் என்று நம்பிக்கொண்டு திரிந்தேன். ஒருநாள் நோட்டை எட்டிப் பார்த்துவிட்டேன். அன்றைக்கு மகள் சிரித்த சிரிப்பு இன்னும் காதில் இருக்கிறது.

"சித்தப்பா, பேன்ட் சரியா இருக்கில்ல? அப்புறம் நம்பரப் பாத்து என்ன பண்ணப் போறீங்க?"

அவளை எல்லோரும் ஊசி என்றுதான் கூப்பிடுவோம். தையற்காரர் மகள், ஆளும் அந்த அகலம்தான். சொந்தப் பெயரை நான் பார்த்தது ஆஸ்பத்திரிச் சீட்டில் மட்டும்தான். இருபத்தொரு வயது. பொத்தான் துளை தைக்கும் காஜா வேலையில் அவளுக்கு நிகர் கிடையாது. ஒரு சட்டைக்கு ஏழு காஜா, ஏழும் அளவெடுத்த மாதிரி ஒரே நீளம்.

நாலு வயதில் ஆரம்பித்த வியாதி அவளுக்கு. குடல் வீங்கிப் புண்ணாகும். ரத்தமாகப் போகும். சாப்பிட்டது எதுவும் உடம்பில் ஒட்டாது. கிருமியை அடிக்க வேண்டிய உடம்பு, கிருமி வராத நாளிலும் சொந்தக் குடலையே போட்டு அடித்துக்கொண்டிருந்தது. மாத்திரை, ஊசி, கையில் குழாய் போட்டு ஏற்றும் மருந்து என்று ஒவ்வொன்றாக வந்தது. ஒவ்வொன்றும் ஆறு மாதம், எட்டு மாதம் கேட்கும். பிறகு கேட்காது. கடையின் பின்பக்கம்தான் வீடு. ஒரு அறை, ஒரு அடுக்களை, அதைத் தாண்டி மேலே பாதிக் கூரை போட்ட நடை, நடையின் கோடியில் கழிப்பறை. காஜா எடுத்துக்கொண்டிருப்பாள், திடீரென்று ஊசியைத் துணியிலேயே குத்திவிட்டு எழுந்து போவாள். மாஸ்டர் தலையைத் தூக்கமாட்டார். மிஷினை மட்டும் கொஞ்சம் வேகமாக மிதிப்பார். உள்ளே நடப்பது வெளியே கேட்கக் கூடாது, அவ்வளவுதான்.

மாஸ்டரின் வீட்டம்மாவுக்கு இந்த இரண்டு இறக்கும் வித்தை எதுவும் வராது. ரொட்டிக் கம்பெனியில் பாக்கெட் போடும் வேலை. வாயைத் திறந்தால் உள்ளது உள்ளபடி விழும். என்னைப் பார்த்த முதல் நாளே, "தம்பி, முன்னால முடி போயிடுச்சு, பின்னால இருக்கறத இழுத்து மூடாதீங்க, நல்லா இல்ல" என்று சொன்னவள். ஓரம் உடைந்த ரொட்டியைக் கம்பெனியில் வீட்டுக்குக் கொடுத்துவிடுவார்கள். ஓரத்தையெல்லாம் கிள்ளித் தான் தின்றுவிட்டு, நடுவில் இருக்கும் பஞ்சு போன்ற பகுதியை மகளுக்கு வைப்பாள். ஓரம் அவளுக்குச் செரிக்காது.

போன வருஷம் மழைக்கு முன்னால், பெரிய ஆஸ்பத்திரியிலிருந்து கூப்பிட்டார்கள். புதிதாக ஒரு ஆராய்ச்சி, ஆறு பேருக்கு மட்டும் இடம். விண்ணப்பம் முப்பத்திரண்டு பக்கம். படித்துச் சொல்ல ஆள் வேண்டும் என்று மாஸ்டர் என்னையும் கூட்டிக்கொண்டு போனார். நான் ஒன்றும் பெரிய படிப்பு படித்தவனில்லை. ஆனால் இருபது வருஷமாக ஊர் விண்ணப்பத்தையெல்லாம் நிரப்பி நிரப்பி, எந்தக் கட்டத்தில் என்ன எழுதினால் செல்லும் என்று எனக்குத் தெரியும் என்ற திமிர் இருந்தது.

டாக்டரம்மா பொறுமையான பெண். நாற்காலியை மேஜைக்கு இந்தப் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டு பேசினாள்.

"குடல்ல வீக்கம் வந்தா, போதும் அடங்குன்னு உடம்புக்குள்ள ஒரு சேதி போகும். உங்க பொண்ணுக்கும் சேதி போகுது. ஆனா அத வாங்கிக்கற இடம் சரியா அமையல. அந்த இடத்த எப்படி அமைக்கணும்னு சொல்ற மரபணுவுல ஒரு பிழை இருக்கு."

மாஸ்டர் விழித்தார். ஊசிதான் சொன்னாள்.

"பேட்டர்ன் காகிதத்துல வெட்டு கோணலாயிட்டா, அத வச்சு வெட்டற அத்தன சட்டையும் கோணலாத்தான் வரும்பா. அது மாதிரி."

"அதேதான்" என்றாள் டாக்டரம்மா. "இத்தன நாள் நாம கோணல் சட்டைய இஸ்திரி போட்டுட்டு இருந்தோம். இப்ப பேட்டர்னயே மாத்திப் பாக்கப் போறோம். ரத்தம் உண்டாக்கற செல்ல இவ உடம்புலேர்ந்து எடுத்து, வெளிய வச்சு, சரியான மரபணுவ உள்ள போட்டு, திரும்ப இவளுக்கே ஏத்துவோம். அதச் சுமந்துட்டுப் போறது ஒரு வைரஸ்."

"வைரஸா?" என்றாள் வீட்டம்மா.

"பல்லப் பிடுங்கின வைரஸ்மா. சுமக்கறது மட்டும்தான் அதோட வேல."

"இதுல கொணமாயிடுமா?"

"தெரியாதும்மா. ஆகலாம். அதத் தெரிஞ்சுக்கத்தான் ஆராய்ச்சியே. செல்ல ஏத்தறதுக்கு முன்னாடி பழைய மஜ்ஜையக் காலி பண்ண கடுமையான மருந்து குடுக்கணும். உயிருக்கே ஆபத்து வரலாம். அதனாலதான் வேற மருந்து எதுவும் கேக்காதவங்களுக்கு மட்டும், வியாதி அடங்காம இருக்கறவங்களுக்கு மட்டும் எடம்."

மாஸ்டர் தொண்டையைச் செருமினார். "இது யாரு வழியா வந்ததுங்க? எங்க பக்கமா, அவங்க பக்கமா?"

"ரெண்டு பக்கமும்தான். உங்ககிட்ட ஒரு பிழையான பிரதி, அவங்ககிட்ட ஒண்ணு. தனித்தனியா இருக்கறவரைக்கும் ஒண்ணும் பண்ணாது. ரெண்டும் ஒரே பிள்ளைக்கு வந்துட்டா இப்படி."

வெளியே வரும்வரை இருவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை. பஸ் நிறுத்தத்தில்தான் வீட்டம்மா வாய் திறந்தாள்.

"ரெண்டு பேரும்னு சொன்னாங்களே, அதுவே பெரிய புண்ணியம். என் பக்கம் மட்டும்னு சொல்லியிருந்தா உங்க அக்கா என்ன உரிச்சுத் தொங்க விட்டிருப்பாங்க."

மாஸ்டர் சிரித்தார். அவர் கண்ணில் தண்ணீர் நின்றது.

பஸ்ஸில் ஊசி எப்போதும் கதவை ஒட்டிய இருக்கையில்தான் உட்காருவாள். அவசரமென்றால் இறங்க வேண்டுமே. அன்றைக்கும் அப்படித்தான் உட்கார்ந்தாள். நான் கம்பியைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் நின்றேன்.

"சரியாயிட்டா என்னடி பண்ணுவ?" என்று கேட்டேன்.

"பின்னாடி ஜன்னலோரமா ஒரு சீட்டு பாத்து உக்காந்து, கடைசி ஸ்டாப் வரைக்கும் போவேன்."

"அங்க என்ன இருக்கு?"

"என்ன இருந்தா எனக்கென்ன? எறங்க மாட்டேன். அதே பஸ்ல அப்படியே திரும்பி வந்துடுவேன்."

முதல் கட்டச் சோதனைகளில் ரத்தப் பரிசோதனை அவர்கள் கேட்டபடி வந்தது, குழாய் விட்டுப் பார்த்ததில் புண் இருந்தது. கடைசியாக ஒன்று பாக்கி. பதினாலு நாள் குறிப்பேடு. ஒரு நாளைக்கு எத்தனை தடவை போனாள், ரத்தம் உண்டா, வயிற்று வலி பத்துக்கு எவ்வளவு என்று தினமும் எழுத வேண்டும். அதையும் மற்ற சோதனைகளையும் சேர்த்து மதிப்பெண் போடுவார்கள். குறிப்பிட்ட மதிப்பெண்ணுக்கு மேலே போனால்தான் வியாதி அடங்கவில்லை என்று கணக்கு.

நோயாளியே எழுத வேண்டும் என்பது விதி. ஆனால் அந்த மாதம் ஊசிக்கு விரல் மூட்டெல்லாம் வீங்கிக் கிடந்தது. இந்த வியாதியில் அதுவும் ஒரு கொடுமை. பேனாவைப் பிடிக்க முடியவில்லை, காஜா எடுப்பதையே நிறுத்தியிருந்தாள். பகல் முழுக்க வீட்டில் இருக்கிறவர் அப்பாதான் என்பதால் அவரே எழுதலாம் என்று ஆராய்ச்சியைப் பார்த்துக்கொள்ளும் நர்ஸ் அனுமதி கொடுத்தாள். சின்ன வயதுதான், ஆனால் வேலையில் கறாரான பெண்.

"அவங்க சொல்றத அப்படியே எழுதணும் ஐயா. நீங்களா ஒண்ணும் கூட்டக் கூடாது, கொறைக்கக் கூடாது. உங்களுக்கு என்ன தோணுதுங்கறது எங்களுக்கு வேணாம். அவங்க வாயால என்ன சொல்றாங்களோ அதான் வேணும். இங்க ஒரு கையெழுத்துப் போடுங்க."

மாஸ்டர் கையெழுத்துப் போட்டார். சாட்சிக் கையெழுத்து நான் போட்டேன். வீட்டம்மா வேலையிலிருந்தாள், அன்றைக்கு வரவில்லை. ஊசி அந்த நேரத்தில் அறையிலேயே இல்லை. தாழ்வாரத்துக் கடைசியில் இருந்த கழிப்பறைக்குப் போயிருந்தாள். அவள் திரும்பி வந்தபோது நர்ஸ் குறிப்பேட்டை உறையில் போட்டுக்கொண்டிருந்தாள். "எல்லாம் அப்பாகிட்ட சொல்லியிருக்கேன்" என்றாள். ஊசி தலையாட்டினாள்.

பிறகு மழை பிடித்துக்கொண்டது. அந்தப் பதினாலு நாளும் விடாமல் பெய்தது. தைக்கக் கொடுக்க ஒருவரும் வரவில்லை. என் மிஷினில் காகிதம் ஈரம் வாங்கி இரண்டிரண்டாக உள்ளே போய்ச் சிக்கியது. ரொட்டிக் கம்பெனியில் புது அடுப்பு வந்திருந்ததால் வீட்டம்மா காலை ஐந்துக்குப் போனால் மாலை ஏழுக்குத்தான் வந்தாள். வந்தாலும் குறிப்பேட்டைத் தொடவில்லை.

"நான் பாத்தா ஏதாவது சொல்லுவேன். சொன்னா சண்ட வரும். நீங்களே பாத்துக்கங்க" என்று விலகிக்கொண்டாள். அவள் வாழ்நாளில் வாயை அடக்கிக்கொண்டு இருந்தது அந்தப் பதினாலு நாள்தான்.

அவர்கள் நடை என் கடையின் பின்பக்கத்தை ஒட்டியது, அங்கே பேசுவதெல்லாம் என் காதில் விழும். மாஸ்டர் குறிப்பேட்டைப் பிளாஸ்டிக் பையில் போட்டு எடுத்துக்கொண்டு, நடையில் போய்க் கழிப்பறைக் கதவுக்கு வெளியே நிற்பார். வளர்ந்த பெண்ணிடம் முகத்துக்கு நேரே கேட்க அவருக்குக் கூச்சம். கதவு நடுவில் இருந்தால்தான் வாய் வரும்.

"எத்தனம்மா?"

"மூணுப்பா."

"காலைலேர்ந்தா?"

"ம்."

"ரத்தம்?"

"கொஞ்சூண்டு."

"வலி? பத்துக்கு?"

"நாலு போட்டுக்கோ."

மழைச் சத்தம். அப்புறம் மாஸ்டர் செருப்பில்லாத காலோடு சத்தமில்லாமல் கடைக்குத் திரும்பி வருவார். கட்டிங் மேஜையில் குறிப்பேட்டை விரித்து வைத்துக்கொண்டு வெகுநேரம் பார்ப்பார். ஐந்தாம் நாளா, ஆறாம் நாளா, பலகைக்கு மேலாகத் தலையை நீட்டினார்.

"தம்பி, அந்த நர்சம்மா என்ன சொன்னாங்க? அவ சொல்றத அப்படியேதான எழுதணும்?"

"ஆமா மாஸ்டர். கூட்டவும் கூடாது, கொறைக்கவும் கூடாது."

"எனக்கு என்னமோ..."

"உங்களுக்கு என்னமோன்னு இருக்கறதெல்லாம் அவங்களுக்கு வேணாம் மாஸ்டர். கையெழுத்துப் போட்டிருக்கோம். ஏதாவது மாத்தி எழுதி, தெரிஞ்சுபோச்சுன்னா எடமே போயிடும்."

இதைச் சொன்னது நான்தான். இருபது வருஷ விண்ணப்ப அனுபவம் சொன்னது. மாஸ்டர் தலையை உள்ளே இழுத்துக்கொண்டார். பேனா காகிதத்தில் உரசும் சத்தம் கேட்டது.

பதினைந்தாம் நாள் குறிப்பேட்டை ஒரு பிரதி எடுத்து வைத்துக்கொள்ளலாம் என்று என்னிடம் கொடுத்தார். பதினாலு பக்கத்தையும் நானே என் கையால் கண்ணாடி மேல் வைத்து எடுத்தேன். மூன்று, நாலு, மூன்று, மூன்று. வலி நாலு, வலி நாலு, வலி ஐந்து. பரவாயில்லையே, பெண்ணுக்குக் கொஞ்சம் தேவலையாகி வருகிறது போலிருக்கிறது என்று சந்தோஷப்பட்டேன். முட்டாள்தனத்துக்கு இதைவிட நல்ல அத்தாட்சி வேண்டாம்.

பத்து நாள் கழித்துக் கூப்பிட்டார்கள். வீட்டம்மா லீவு போட்டுவிட்டு வந்தாள். நர்ஸ் எங்களை உட்காரச் சொன்னாள்.

"ஏழு மார்க் கொறையுது" என்றாள் நர்ஸ். "அந்த எல்லைக்கு மேல இருந்தாத்தான் சேக்க முடியும். புண் இருக்குதான். ஆனா வலியும் தடவையும் கம்மியா இருக்கறதனால, இப்ப குடுக்கற மருந்துலயே சமாளிக்கறாங்கன்னு வருது. ஒரு வகையில நல்ல சேதிதான்."

"கம்மியாவா?" என்றாள் வீட்டம்மா. "எங்க காட்டுங்க."

குறிப்பேட்டை வாங்கிப் பக்கம் பக்கமாகத் திருப்பினாள். பின் மேஜை மேல் வைத்துவிட்டு, அமைதியாகக் கேட்டாள்.

"இது யாரோட நோட்டு?"

"உங்க பொண்ணோடதுதாம்மா."

"என் பொண்ணு ஒரு நாளைக்கு எட்டு தடவ, பத்து தடவ போறா. நாலு துணி மாத்தறா. வேல விட்டு வந்ததும் வராததுமா நான்தான் அலசறேன். எனக்குத் தெரியாதா? மூணுன்னு எவன் எழுதினான்?"

எழுதினவர் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தார். இரண்டு கையையும் முழங்காலுக்கு நடுவில் வைத்துக்கொண்டு தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஊசி அவர் பக்கம் திரும்பினாள்.

"நீ கூட்டலையாப்பா?"

"கூட்டக் கூடாதுன்னு சொன்னாங்களேம்மா."

"யாரு?"

"நீ இல்லாதப்ப. அவங்கதான். அப்படியே எழுதணும்னு கையெழுத்து வாங்கினாங்க."

"எனக்குத் தெரியாதேப்பா" என்றாள் ஊசி. "நான் எப்பவும் போல கொறைச்சுச் சொன்னேன். நீ பாத்துப் போட்டுக்குவேன்னு நெனச்சேன். என்ன, எனக்குக் கொறைக்கறப்ப கொஞ்சம் கூடவே கொறைஞ்சுபோச்சு."

நர்ஸுக்கு ஒன்றும் விளங்கவில்லை. நான்தான் விளக்கினேன், டேப், நோட்டு, சொல்வதில் இரண்டு, எழுதுவதில் இரண்டு என்று. சொல்லச் சொல்ல எனக்கே பைத்தியக்காரத்தனமாகப் பட்டது. நர்ஸின் முகம் மெல்ல வெளிறியது.

டாக்டரம்மாவிடம் போனோம். அவள் முழுவதையும் கேட்டாள். நம்பினாள் என்றுதான் இன்றைக்கும் நினைக்கிறேன்.

"எனக்குப் புரியுது. ஆனா இப்ப மாத்தி எழுதினா, உண்மைக்காக மாத்துனதா, எடத்துக்காக மாத்துனதான்னு கேக்கறவங்களுக்கு நான் என்ன பதில் சொல்றது? கேட்டுப் பாக்கறேன். ஆனா ஆறாவது எடத்துக்கு அடுத்தவங்கள நேத்தே கூப்பிட்டுட்டோம். அது ஏழு வயசுக் குழந்த."

"நான் பொய் எழுதலீங்க" என்றார் மாஸ்டர். "அவ சொன்னதத்தான் எழுதினேன்."

"தெரியும் ஐயா. அதுதான் கஷ்டமா இருக்கு. அடுத்த குழு ஒரு வருஷத்துல வரும். முதல் ஆளா இவங்கள எழுதி வைக்கறேன்."

பெரியவர்கள் யாரோ கூட்டம் போட்டுப் பேசி, முடியாது என்று அடுத்த வாரம் பதில் வந்தது.

அன்றைக்கு வீட்டம்மா கத்தினாள். தெருவுக்கே கேட்டிருக்கும். கத்தி ஓய்ந்த பிறகு சாதாரணக் குரலில் சொன்னதுதான் என்னை அறுத்தது.

"உங்கள ஊர்ல எல்லாரும் நல்ல மனுஷன்னு சொல்றாங்க. மகளயும் அப்படியே வளத்துட்டீங்க. ரெண்டு பேரும் ஒருத்தருக்கொருத்தர் நல்லவங்களா இருந்தே என் குடியக் கெடுத்துட்டீங்க."

நான் பலகைக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்திருந்தேன். கூட்டவும் கூடாது, குறைக்கவும் கூடாது என்று நான் சொன்னதை மாஸ்டர் அப்போதும் வெளியே விடவில்லை. தம்பிதான் அப்படியே எழுதச் சொன்னான் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் பாதிச் சுமை என் தலைக்கு வந்திருக்கும். எழுந்துபோய் நானே சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. மாதம் ஒன்று கழித்துத்தான் வீட்டம்மாவிடம் சொன்னேன். அவள் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "நீங்களுமா தம்பி" என்றாள்.

மாஸ்டர் தைத்துக்கொண்டுதான் இருந்தார். ஆனால் கணக்கு பிசகியது. ஒருவருக்கு இடது கை நீளம், இன்னொருவருக்குக் காலர் பெரிசு. பேசுவதும் குறைந்துவிட்டது. ஊசிதான் வீங்கின விரலோடு அவருக்கு எதிரில் உட்கார்ந்து ஏதாவது பேசிக்கொண்டே இருப்பாள். மழை விட்டு வெயில் வந்தது. அவளுக்கு மட்டும் ஒன்றும் விடவில்லை. மாற்றிக் கொடுத்த மருந்து இரண்டு மாதம்கூட தாங்கவில்லை. ஐந்தாம் மாதம் ஒரு காலை, துணியில் பொத்தான் வைத்துக்கொண்டிருந்தவள் அப்படியே மடங்கி மேஜைக்கடியில் விழுந்தாள்.

குடல் ஓட்டையாகிவிட்டது என்றார்கள். பக்கத்து ஆஸ்பத்திரியில் உடனே அறுத்தார்கள். பெருங்குடல் முழுக்க எடுத்து, மலம் வெளியேற வயிற்றில் ஒரு வாய் வைத்துப் பை மாட்டினார்கள். மூன்றாம் நாள் கண்விழித்து நன்றாகவே பேசினாள். மத்தியானம் நான் ரொட்டியும் ஃபிளாஸ்கில் வெந்நீரும் எடுத்துக்கொண்டு போனேன். திரைக்கு அந்தப் பக்கம் அப்பாவும் மகளும் பேசுவது கேட்டது. உள்ளே போகாமல் நின்றுவிட்டேன்.

"அப்பா, நான் ஏன் கொறைச்சுச் சொன்னேன்னு தெரியுமா?"

"விடும்மா."

"இல்ல, கேளு. பழக்கதோஷம் மட்டும் இல்ல. அந்தக் கதவுக்குக் கீழ ஒரு சாண் இடைவெளி இருக்கில்ல. உள்ள உக்காந்தா உன் கால் தெரியும். செருப்பில்லாம மழைத் தண்ணியில நிப்ப. நான் வலில முக்கினா, அந்த விரலெல்லாம் அப்படியே மடங்கும். அதப் பாத்துக்கிட்டு எப்படி எட்டுன்னு சொல்றது? நாலுன்னு சொன்னா நிமிரும்."

நாற்காலியைக் கட்டிலுக்கு நெருக்கிப் போடும் சத்தம் கேட்டது.

"நான் கதவத் தொறந்துட்டு உள்ள வந்திருக்கணும்" என்றார்.

"வந்திருந்தா திட்டியிருப்பேன்."

"திட்டியிருந்தா என்ன?"

"ஆமா. திட்டியிருந்தா என்ன" என்றாள் அவள். பிறகு, "பைய எப்பவும் அம்மாதான் மாத்தணுமா, நீயும் மாத்தக் கத்துக்கறியா?" என்று கேட்டாள்.

"இன்னிக்கே கத்துக்கறேன்."

அன்றைக்கே கற்றுக்கொண்டார். அந்த ஆஸ்பத்திரி நர்ஸ் காட்டிக்கொடுக்க, கூச்சம் இல்லாமல், பை ஒட்டும் விளிம்பை அளவாக வெட்டி ஒட்டினார். தையற்காரர் கை அல்லவா, எங்களை விடச் சுத்தமாகச் செய்கிறார் என்று நர்ஸே சொன்னாள். அவர் அதை மூன்று தடவைதான் செய்ய முடிந்தது. ரத்தத்தில் விஷம் ஏறி, ஏழாம் நாள் காலை பத்து மணிக்கு ஊசி போய்விட்டாள். வெளியே நல்ல வெயில். கீழே பஸ்கள் போய்க்கொண்டிருந்தன. எனக்கு அந்தப் பஸ்களின் மேல் கோபம் கோபமாக வந்தது.

அதன் பிறகு அந்த வீட்டில் சண்டையே இல்லை. வீட்டம்மா வேலைக்குப் போவாள், வருவாள், ரொட்டியை ஓரத்தோடு மேஜை மேல் வைப்பாள். இருவரும் தின்பார்கள். மாஸ்டர் புதிதாக அளவெடுப்பதை விட்டுவிட்டார். பழைய துணியில் கிழிசல் தைப்பது, ஜிப் மாற்றுவது, திரைச்சீலை மடிப்பது, அவ்வளவுதான்.

எட்டு மாதம் கழித்து என் போனுக்கு ஒரு அழைப்பு வந்தது. மாஸ்டர் போனில் எப்போதும் சார்ஜ் இருக்காது என்பதால் விண்ணப்பத்தில் என் எண்ணைத்தான் கொடுத்திருந்தேன். அதே நர்ஸ். குரலில் அத்தனை சந்தோஷம்.

"இரண்டாவது குழு ஆரம்பிக்குதுங்க. முதல் பேரு அவங்கதான். போன தடவ சேந்த ஆறு பேர்ல நாலு பேருக்கு நல்லா வேல செய்யுது, அந்தச் சின்னக் குழந்தை உட்பட. திங்கக்கிழமை கூட்டிட்டு வர முடியுமா?"

அந்தப் பொண்ணு இல்லைங்க என்று எப்படியோ சொன்னேன். அப்பாவிடம் பேசலாமா என்று கேட்டாள். அழுதுகொண்டுதான் கேட்டாள். வேண்டாம் என்று சொல்லத்தான் நினைத்தேன். பலகைக்கு மேலாக மாஸ்டர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். போனை நீட்டினேன். வீட்டம்மாவுக்கு அன்று வார விடுமுறை, உள்ளே இருந்தவள் வாசற்படிக்கு வந்து நின்றாள்.

மாஸ்டர் போனைக் காதில் வைத்துக் கேட்டுக்கொண்டே இருந்தார். ஒரு கையில் யாருடைய பேன்ட்டோ.

"நீங்க அழாதீங்கம்மா" என்றார். "உங்க மேல தப்பில்ல. நீங்க சொல்ல வேண்டியதத்தான் சொன்னீங்க."

அந்தப் பக்கம் ஏதோ பேசினாள்.

"அந்தக் குழந்தைக்கு நல்லாயிடுச்சா? எத்தன வயசுன்னீங்க, ஏழா? இப்ப எட்டாயிருக்கும். சந்தோஷம்மா." பேன்ட்டை மேஜை மேல் வைத்துவிட்டு, கண்ணைத் துடைத்துக்கொண்டார். "இப்ப புதுசா வர்றவங்கள்ல பொம்பளப் பிள்ளைங்க இருக்காங்களா?"

இருக்கிறார்கள் என்றிருப்பாள்.

"அவங்க அப்பா அம்மாகிட்ட ஒண்ணு சொல்லுங்கம்மா. கதவுக்கு வெளிய நின்னு கேட்டு எழுத வேணாம்னு சொல்லுங்க. கதவத் தொறந்து உள்ள போயி, கண்ணால பாக்கச் சொல்லுங்க. பிள்ள திட்டும். திட்டினா திட்டட்டும்."